பதினேழாவது கல்

டோவ்ரே மேட்டுச் சாலையில் எடை பார்ப்பவன் நான்.
செப்டம்பர். மழையென்றும் பனியென்றும் சொல்ல முடியாத ஏதோ ஒன்று
கண்ணாடியில் அப்பிக்கொண்டிருந்தது.
தூரத்திலேயே தெரிந்தது
சாம்பல் நிற ஸ்கோடாவின் பின்வண்டி அலைவது,
தூளிக்குள் புரளும் முரட்டுப் பிள்ளை மாதிரி
இடமும் வலமும், இடமும் வலமும்.

கைவிளக்கைக் காட்டினேன். ஓரம்கட்டினாள்.
உரிமத்தில் பெயர் சோல்ஃபிரிட்.

கொக்கி பூட்டியிருந்தது, நல்லது.
கழன்றுபோனால் பிரேக்கை இழுக்கவேண்டிய கம்பி
எதிலும் மாட்டாமல்
தண்டைச் சுற்றிக் கிடந்தது, அரைஞாண் கயிறுபோல
அழகுக்கு.
இடப்பக்கச் சிவப்பு விளக்கு செத்திருந்தது.
டயருக்குத் தேய்மானம் இல்லை, வயது இருந்தது.

அனுமதித்ததைவிட நூற்று நாற்பது கிலோ கூடுதல்
என்றது தராசு.

"இறக்காமல் போக முடியாது."
"எதை இறக்க?"
"உங்கள் விருப்பம். சட்டத்துக்கு
எவ்வளவு என்றுதான் தெரியும், எது என்று தெரியாது."

தார்ப்பாயை அவிழ்த்தாள்.
விறகு, பாதி அடுக்கு.
உறைபெட்டியில் கடமான் கறி, பாதி மான்.
ஆறு நாற்காலியில் மூன்று.
எல்லாவற்றுக்கும் பின்னே, கடைசிப் பலகையை ஒட்டி
ஓப்தால் கற்பலகைகள்,
ஓரங்களில் இன்னும் புல்வேர்.

"முற்றத்தில் இருந்தது. நான்தான் பாவினேன்.
பாதி என்று எழுதியிருக்கிறது.
பெயர்த்துக்கொண்டேன்."

யார் எழுதியது என்று கேட்கவில்லை.
அதனால்தான் ஆடியது என்றேன்.
கனம் பின்னால் இருந்தால் கொக்கி மேலே எழும்பும்,
காரின் பின்சக்கரம் தரையை மறக்கும்,
எண்பதில் போகையில்
எதிரே வரும் ஒரு லாரியின் காற்று போதும்.
அச்சுக்கு மேலே வையுங்கள், கொஞ்சம் முன்தள்ளி.
இழுக்கிற வண்டிக்குப் பாரம் சிறிதாவது தெரியவேண்டும்.

பதினேழு கல் இறக்கினோம்.
நான் தொடக்கூடாது என்பது விதி. தொட்டேன்.
ஹெல்விக் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு
காப்பி இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
என் பெட்டியிலிருந்து ஒரு பல்பு.
கம்பியை அவளே மாட்டினாள்.
அபராதச் சீட்டும் கொடுத்தேன்,
அதில் தள்ளுபடி கிடையாது.

பின்னால் எடுக்கும்போது மடிந்து மடிந்து நின்றது.
"ஸ்டீரிங்கின் அடியைப் பிடியுங்கள்.
கை போகும் பக்கம் பின்வண்டி போகும்."
மூன்றாம் முறை வந்தது.
இறங்கி வந்து சொன்னாள்:
"பதினோரு வருடம். எப்போதும் அவன்தான் பின்னால் எடுப்பான்.
இவ்வளவுதானா இது?"

தெற்கே போனாள்.
மறையும்வரை சிவப்பு இரண்டாகவே தெரிந்தது.

அக்டோபரில் ஒருவர் வந்தார், காலிப் பின்வண்டியுடன்.
"இங்கே கல் இருக்கிறதாமே."
எண்ணினார். எட்டை ஏற்றினார், சரியாக அச்சுக்கு மேலே.
பட்டையைக் கட்டினார், இழுத்துப் பார்த்தார்,
நான்கடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து
மறுபடி இழுத்துப் பார்த்தார்.
பதினேழாவதை மார்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு
வெகுநேரம் நின்றார்.
பிறகு, தூங்குகிறவர்களை எழுப்பாமல் வைப்பதுபோல
அதைக் கீழே வைத்துவிட்டு
வடக்கே போனார்.

அடுத்த வாரம் அவள். எட்டு.
"இதை அவன் எடுக்கவில்லையா?"
"இல்லை."
புல்வேர் காய்ந்திருந்தது, விரலால் சுரண்டி உதிர்த்தாள்.
ஏறி, ஒரே முயற்சியில்
வளைத்துத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது அது எங்கள் வாசலில் கிடக்கிறது.
காகிதங்களோடு வரும் லாரிக்காரர்கள்
பூட்ஸ் சேற்றை அதில் தேய்த்துவிட்டு உள்ளே வருகிறார்கள்.

வண்டியே வராத ஓர் இரவு
தூக்கிப்போய்த் தராசின் நடுவில் வைத்தேன்.
லாரிகளைப் பார்த்துப் பழகிய தராசு.
சுழியம் என்றது.